திறவுகோலும் நம்பிக்கையும்

பூட்டின் வலிமை பூட்டில் மட்டும் இல்லை. திறவுகோல் எவ்வாறு செய்யப்பட்டது, யாரிடம் உள்ளது என்பதிலும் இருக்கிறது. கணினி உலகிற்கும் இது பொருந்தும். பிறர் படிக்க இயலாதவாறு செய்தியை மாற்றி அமைக்கும் முறை குறியாக்கம் எனப்படும். அதன் ஒரு வகையில் ஒவ்வொருவருக்கும் இரு திறவுகோல்கள் உண்டு. பொதுத் திறவுகோலை எவருக்கும் கொடுக்கலாம். அதனால் பூட்டப்பட்ட செய்தியை உரியவரின் தனித் திறவுகோல் மட்டுமே திறக்கும். இத்திறவுகோல்களை உருவாக்கவும் பாதுகாக்கவும் உதவும் மென்பொருள்களுள் ஒன்று, ஜெர்மனியைச் சேர்ந்த வெர்னர் கோக் உருவாக்கிய ‘குனு பிரைவசி கார்டு’. அதன் முதல் முழுப் பதிப்பு 1999இல் வெளிவந்தது.

மென்பொருளை எழுதியவருக்கும் பயனருக்கும் இடையே பொதியாளர் ஒருவர் இருக்கிறார். ‘ஜென்டூ’ என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் அவர் பணியைத் தெளிவாகக் காணலாம். ஜென்டூ, மூல நிரலை அடிப்படையாகக் கொண்டது. சமைத்த உணவை வாங்காமல், அரிசியும் பருப்பும் வாங்கிக் குறிப்பின்படி வீட்டிலேயே சமைப்பதை இது ஒக்கும். பொதியாளர் எழுதும் குறிப்பிற்கு ‘இபில்டு’ என்று பெயர். மூல நிரலை எங்கிருந்து பெறுவது, துணை மென்பொருள்கள் எவை, எவ்வாறு நிரல்பெயர்ப்பது என்பனவற்றை அது கூறும். பயனரின் கணினி அதன்படி மென்பொருளை உருவாக்கிக்கொள்ளும்.

வரும் வழியில் எவரேனும் மூல நிரலைத் திருத்திவிட்டால் என் செய்வது? இதற்காகவே கோப்பின் கைரேகை போன்ற சுருக்க மதிப்பு குறிப்புடன் பதிவு செய்யப்படுகிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினும் அம்மதிப்பு மாறிவிடும். நிறுவும் பணியும் நின்றுவிடும். எழுதியவரின் மின்னணுக் கையொப்பத்தையும் சரிபார்க்கலாம். ஆனால், அக்கையொப்பம் உண்மையானது என அறிய, அவருடைய பொதுத் திறவுகோலை முன்னரே நம்பத்தக்க வழியில் பெற்றிருக்க வேண்டும். நம்பிக்கைக்கும் ஒரு தொடக்கப்புள்ளி தேவைப்படுகிறது.

பொதியாளரின் சிறு திருத்தமும் பெருங்கேடு விளைவிக்கலாம். ‘டெபியன்’, நிரல்பெயர்த்த மென்பொருளையே வழங்கும் மற்றோர் இயங்குதளம். அதில் 2006ஆம் ஆண்டு, ‘ஓபன்எஸ்எஸ்எல்’ என்னும் குறியாக்க மென்பொருளைச் சோதனைக் கருவி ஒன்று குறைகூறியது. அக்குறையைப் போக்கப் பொதியாளர் இரண்டு வரிகளை நீக்கினார். மென்பொருளை எழுதும் குழுவினரிடம் கேட்ட பின்னரே நீக்கினார். ஆயினும் அதன் முழு விளைவை எவரும் உணரவில்லை. திறவுகோல் செய்யத் தேவையான சமவாய்ப்பு எண்கள் அவ்வரிகளையே சார்ந்திருந்தன. அவை நீங்கியதால், ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,000 வெவ்வேறு திறவுகோல்களே உருவாகக்கூடும் என்னும் நிலை ஏற்பட்டது. அத்தனையையும் ஒரு கணினி எளிதில் முயன்று பார்த்துவிடும்.

டெபியன் குழுவைச் சேர்ந்த லூசியானோ பெல்லோ இப்பிழையைக் கண்டறிந்தார். 2008 மே மாதம் அது உலகிற்கு அறிவிக்கப்பட்டது. மென்பொருளைத் திருத்தியதோடு பணி முடியவில்லை. இடைப்பட்ட காலத்தில் பிறந்த திறவுகோல்களைக் கைவிட்டுப் புதியனவற்றைச் செய்ய வேண்டியிருந்தது.

மூல நிரலும் திருத்தமும் எவரும் காணுமாறு திறந்தே இருந்தன. ஆயினும் பிழை இரண்டு ஆண்டுகள் மறைந்திருந்தது. ஒருவர் கண்டறிந்தபோதுதான் வெளிப்பட்டது. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. உள்ளே நுழைந்து பார்ப்பவரும் வேண்டும்.