புது இடுப்பு வைத்த மறுநாளே நடை: தெரியுமா?

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்த மறுநாளே, சில இடங்களில் அன்று மாலையே, ஆளை எழுப்பி வாக்கரைக் கையில் கொடுத்து நிற்க வைத்துவிடுகிறார்கள், தெரியுமா? காஞ்சிபுரம் பக்கத்து ஐயங்கார்குளம் மாதிரி ஊர்களில் ‘ஆயாவுக்கு இடுப்பு எலும்பு போச்சு’ என்றால், ‘இனி படுத்த படுக்கைதான்’ என்று வீடே இடிந்து உட்கார்ந்துவிடும். அந்தப் படுக்கையிலிருந்து எழுப்பத்தான் இந்தச் சிகிச்சையே!

நாம் நடக்கும்போது ஒற்றை இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் பாரம் இறங்குகிறது. கால் தடுக்கிச் சமாளிக்கும் அந்த ஒரு நொடியில் எட்டு மடங்கைக்கூடத் தாண்டலாம்! உள்ளேயே அளவுக்கருவி பொருத்திய செயற்கை மூட்டு சொன்ன கணக்கு இது.

இவ்வளவு பாரம் தாங்கும் மூட்டை முதலில் எதில் செய்து பார்த்தார்கள் தெரியுமா? யானைத் தந்தத்தில்! 1891 வாக்கில் ஜெர்மனியின் தெமிஸ்டோக்ளஸ் குளுக் அதை முயன்றார். 1960 முதல் பர்மாவின் மாண்டலேயில் டாக்டர் சான் பா நூற்றுக்கணக்கானோருக்கு யானைத் தந்தத்தில் செய்த மூட்டு வைத்து நடக்க வைத்தார். இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி முதலில் நம்பியது டெஃப்லானை. ஆம், ஒட்டாத தோசைக்கல்லின் பூச்சுதான். சில வருடங்களில் அது தேய்ந்தது. அந்தத் துகள் உடம்பை என்ன செய்கிறது என்று அறியத் தன் தொடையிலேயே புகுத்திப் பார்த்தார் அந்த மனிதர்! 1962 நவம்பரில் உலோகப் பந்தும் பாலிஎத்திலீன் கிண்ணமும் வைத்தார். இன்றைய மூட்டுகளுக்கு வழி அங்கே திறந்தது. எலும்போடு அதைப் பிடிக்க வைத்த சிமெண்ட், பல்செட் செய்யும் அக்ரிலிக் வகை.

எத்தனை வருடம் உழைக்கும்? 2019இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வின்படி, நூற்றில் சுமார் 58 மூட்டுகள் 25 வருடம் தாங்குகின்றன.

இது முதியவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று அது நொறுங்கும் ‘ஏவிஎன்’ நோயால், முப்பது நாற்பது வயதிலேயே நம் ஊர் ஆண்கள் பலர் இந்த ஆபரேஷன் மேஜைக்கு வருகிறார்கள். ஸ்டீராய்டும் குடியும் முக்கியக் காரணங்கள். பாத்ரூமில் வழுக்கி எலும்பு முறிந்த பாட்டிக்கோ ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். உடல்நிலை இடம் கொடுத்தால் இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் நடப்பது நல்லது. புத்தூர்க் கட்டு, எண்ணெய் என்று நாளைக் கடத்தாதீர்கள்!

ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேரம்தான். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தே செய்வார்கள். தையல் பிரிக்க ஏறக்குறைய இரண்டு வாரம். ரத்தம் உறையாமலிருக்கப் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்வார்கள், அலட்சியம் வேண்டாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காயத்தில் சீழ் வந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மூச்சு திணறினால் 108தான்.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது? வலது இடுப்பு என்றால் இடது கையில்! படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதராஜர் எழுந்தருளும் ஐயங்கார்குளத்து நடவாவி என்னும் படிக்கிணற்றுக்குள் இறங்க ஆசைப்படுபவர்கள், டாக்டர் சரி என்ற பிறகே, இதே கணக்கில் இறங்குங்கள்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் தரை. சம்மணம், குந்துதல், தாழ்ந்த கக்கூஸ், நாற்று நடக் குனிவது எல்லாமே ஆரம்ப வாரங்களில் பந்தைக் கிண்ணத்திலிருந்து நழுவவிடலாம். பிறகும் எதைச் செய்யலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டே தொடங்குங்கள். முழங்கால் இடுப்பைவிட உயரக் கூடாது. ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே உயரமான நாற்காலியும் கமோட் ஸ்டூலும் வாங்கி, வீட்டில் நடக்கும் வழியில் கிடக்கும் மிதியடியைச் சுருட்டி வையுங்கள்.

செலவுக்கு? முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சையும் உண்டு. அட்டையைத் தேடி எடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார், தெரியுமா? டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்து வையுங்கள்.