அந்நியன் கோப்பையில் கறுவா

வட அமெரிக்காவில் ‘சைடர்’ என்பது பெரும்பாலும் மதுவன்று. புதிதாய்ப் பிழிந்த, தெளிவிக்காத அப்பிள் சாறு. நத்தார்க் காலத்தில் அதில் எட்டுக் கோப்பைக்குக் கறுவாத் துண்டு இரண்டு, கராம்பு ஆறு, தோடம்பழத் தோல் சிறிது இட்டு, கொதிக்கவிடாமல் அரைமணி நேரம் இளஞ்சூட்டில் வைத்து வடிப்பர். (கராம்பு மிகுந்தால் கசக்கும்.) அதன் வாசனை தெருவாசல்வரை வந்து நிற்கும்.

பரிசுத்த அபிஷேக தைலத்திலும் 250 சேக்கல் கறுவா சேர்ந்திருந்தது (யாத்திராகமம் 30:23). அதை அந்நியன்மேல் வார்த்தவனுக்கு இஸ்ரவேலில் இடமில்லை. இயேசு ஜீவனை விட்டபோதோ தேவாலயத் திரையே கிழிந்தது. இன்று கீதம் பாடி வாசலுக்கு வரும் முன்பின் அறியாதவனின் கோப்பையிலும் கறுவா மணக்கிறது.

நமது தென்கரையில் கறுவாப்பட்டை உரிப்பவரின் விரல்களிலும் அதே வாசனைதான். அவரை நத்தார் விருந்துக்கு அழைத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?