சுக்கானைப் பிடிக்க ஒரு கை

தனியாகப் பாய்மரப் படகில் கடலுக்குப் போகிறவர்களுக்குத் துணை ஒரு சின்ன மோட்டார். ஆனால் அதைப் பொருத்துவதில் சென்டிமீட்டர்கூடப் பிசகக்கூடாது.

மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட படகு அது. பெயர் சுஹைலி, நீளம் 32 அடி. 1968 ஜூனில் அதில் இங்கிலாந்திலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டார் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். ஆஸ்திரேலியா பக்கம் போனபோது, காற்றின் விசையால் படகைத் தானாகச் செலுத்திவந்த கருவி உடைந்தது. பசிபிக்கும் அட்லாண்டிக்கும் பாக்கி. பாய்களைக் கூட்டியும் குறைத்தும், சுக்கான் தடியைக் கயிற்றால் கட்டியும் சமாளித்தார். 312 நாட்களுக்குப் பின் கரை சேர்ந்தபோது, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர்.

தடியை விட்டால் படகு திசை மாறும். விடாவிட்டால் பாயைச் சுருக்க முடியாது, வரைபடத்தைப் பார்க்க முடியாது, தூங்க முடியாது. தனியாகப் போகிற ஒவ்வொருவருக்கும் இதே சிக்கல்தான்.

இன்று சிறு படகுகளில் இதற்கு விடை டில்லர் பைலட். முழங்கை நீளத்துக்கு ஓர் உறை. உள்ளே திசைகாட்டி, மோட்டார், நீண்டு சுருங்கும் தண்டு. செல்ல வேண்டிய திசையைக் குறித்துவிட்டால் போதும். படகு விலகும்போதெல்லாம் தண்டு சுக்கான் தடியைத் தள்ளும், அல்லது இழுக்கும். 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது.

பொருத்துவது அரை நாள் வேலை. அளவெடுப்பதில்தான் சூட்சுமம். பரவலாக விற்கும் ரேமரைன் கருவிகளுக்குச் சுக்கானின் அச்சிலிருந்து 46 செ.மீ. தள்ளித் தடியில் முளை இருக்க வேண்டும். தண்டின் மறுமுனை அமரும் குழி, படகின் நடுக்கோட்டிலிருந்து 59 செ.மீ. தள்ளி. தடி நேராக இருக்கும்போது கருவி அதற்குச் செங்கோணத்தில், கிடைமட்டமாக நிற்க வேண்டும். முளை அச்சுக்கு மிக அருகே போனால் மோட்டார் திணறும்; விலகிப்போனால் சுக்கான் போதுமான அளவு திரும்பாது. இருக்கை தாழ்வாக இருந்தால் குழிக்கு அடியில் ஒரு கட்டை, தடி உயரமாக இருந்தால் அதன் கீழே ஒரு தாங்கி. இரண்டையும் எபாக்ஸி பசை வைத்து இறுக்க வேண்டும். அலையின் அடியெல்லாம் அந்த இரண்டு புள்ளிகளில்தான் இறங்குகிறது.

ஒலிபெருக்கி, இரும்புச் சாமான்கள் பக்கத்தில் இருந்தால் உள்ளே இருக்கும் திசைகாட்டி குழம்பும். மின்சாரமும் கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம். சராசரியாக ஓர் ஆம்பியர் இழுத்தால், 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை 30 மணி நேரத்தில் குடித்துவிடும். பாய்கள் சமநிலையில் இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம். கையால் பிடிக்கும்போதே தடி முரண்டு பிடித்தால், முதலில் பாயைக் குறைக்க வேண்டும். பின்னாலிருந்து வரும் பெரிய அலையை மனிதன் முன்கூட்டியே உணர்வான். கருவிக்குப் படகு விலகிய பிறகுதான் தெரியும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தனியாக இருப்பவர் தவறிக் கடலில் விழுந்தால், கருவி தன் கடமையிலிருந்து தவறாது. குறித்த திசையிலேயே படகைக் கொண்டுபோய்விடும். அதனால்தான் கருவி வேலையைத் தொடங்கும் முன்பே இடுப்புப் பட்டையைப் படகோடு கொக்கியில் மாட்டிவிடுகிறார்கள், விவரம் தெரிந்தவர்கள்.

நாக்ஸ்-ஜான்ஸ்டன் காலத்துப் பாணியில் நடக்கும் கோல்டன் குளோப் பந்தயத்தில் மின் கருவிக்கே அனுமதியில்லை. காற்றாடிக் கருவி மட்டும்தான். 2018இல் இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி, சுஹைலியின் அச்சாகக் கோவாவில் கட்டப்பட்ட துரியாவில் கலந்துகொண்டார். இந்தியப் பெருங்கடலில் புயலில் பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் காயத்தோடு மீட்கப்பட்டார். கடற்படையிலிருந்து விலகியபின், 2022இல் வேறொரு படகில் மறுபடி புறப்பட்டார். இம்முறை காற்றாடிக் கருவி பழுதானது. கழிப்பறைக் கதவை அறுத்துப் பாகம் செய்துகொண்டார். 2023 ஏப்ரலில், இரண்டாவது இடம்.