சமபுள்ளி வந்தால் யார் மேலே?

2021 நவம்பரில் கொழும்பில் நடந்த நான்கு நாடுகள் உதைபந்தாட்டத் தொடர் பலருக்கு நினைவிருக்கும். இலங்கை மாலைதீவுடன் 4-4 எனச் சமன் செய்தது, சீஷெல்ஸிடம் தோற்றது, கடைசியாகப் பங்களாதேஷை 2-1 என வென்றது. மொத்தம் 4 புள்ளிகள். பங்களாதேஷுக்கும் அதே 4 புள்ளிகள்தான். ஆனால் இறுதிப் போட்டிக்குப் போனது இலங்கை. அங்கே 3-3 என முடிந்து, பெனால்டியில் சீஷெல்ஸ் கிண்ணத்தை எடுத்துக்கொண்டது வேறு கதை. நான் பேச வந்தது அந்த 4 புள்ளிகளைப் பற்றி. இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நிற்கும்போது ஒன்றை உள்ளே விட்டு மற்றதை வெளியே அனுப்பும் விதிக்கு டை-பிரேக்கர் என்று பெயர். காத்தான்குடியில் பந்து பார்க்கும் யாரிடம் கேட்டாலும் "கோல் வித்தியாசம் பார்ப்பாங்க" என்று சொல்லிவிடுவார்கள். பல தொடர்களில் அது சரி. எல்லாவற்றிலும் அல்ல.

வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1, தோல்விக்கு 0. இந்தச் சிறிய எண்களை வைத்துப் பத்து அணிகளைப் பதினெட்டு ஆட்டங்களில் வரிசைப்படுத்தப் போனால், சில அணிகளாவது ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும். அப்போது அடுத்து எதை எண்ணுவது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அங்கேதான் சிக்கல். எதை எண்ணப்போகிறோம் என்பது தெரிந்தவுடன், அணிகள் அதற்கேற்ப ஆடத் தொடங்கிவிடும்.

இங்கிலாந்தில் 1970களின் நடுப்பகுதி வரை, அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்துப் பார்த்தார்கள். 1923-24 பருவத்தில் ஹடர்ஸ்ஃபீல்டும் கார்டிஃபும் தலா 57 புள்ளிகள். ஹடர்ஸ்ஃபீல்ட் 60 அடித்து 33 வாங்கியது. கார்டிஃப் 61 அடித்து 34 வாங்கியது. வகுத்தால் முதலாவதுக்கு 1.818, இரண்டாவதுக்கு 1.794. பட்டம் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு. கழித்துப் பார்த்திருந்தால் இரண்டுக்கும் 27. கூடுதல் கோல் அடித்த கார்டிஃப் சாம்பியனாகியிருக்கும். கடைசி ஆட்டத்தில் ஒரு பெனால்டியைத் தவறவிட்டு 0-0 என முடித்த அணி அது. வகுத்தல் முறையின் கோளாறு எளிது: ஒரு கோலை வாங்காமல் தடுப்பதற்கு, ஒரு கோல் அடிப்பதைவிட அதிக மதிப்பு கிடைத்தது. அணிகள் கதவைச் சாத்திக்கொண்டு ஆடின. 1976-77 பருவத்திலிருந்து அங்கே கழித்தல் வந்தது.

கோல் வித்தியாசத்துக்குப் போட்டியாக நிற்கும் விதி, நேருக்கு நேர் முடிவு. சமபுள்ளியில் நிற்கும் இரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களில் யார் வென்றது என்று மட்டும் பார்ப்பது. நமக்குப் பக்கத்தில் இந்தியன் சூப்பர் லீக் அந்த ஆண்டுகளில் இதைத்தான் முதலில் பார்த்தது. 2018-19இல் பெங்களூருவும் கோவாவும் தலா 34 புள்ளிகளில் லீக் சுற்றை முடித்தன. கோல் வித்தியாசத்தில் கோவா வெகுதூரம் முன்னால் இருந்தது. ஆனால் பெங்களூரு கோவாவின் மண்ணில் 2-1, சொந்த மண்ணில் 3-0 என இரண்டு முறையும் வென்றிருந்தது. முதலிடம் பெங்களூருவுக்கு. முதலிடம் என்றால் அரையிறுதியில் நான்காம் அணியைச் சந்திக்கும் சலுகை. கோவா மூன்றாம் அணியுடன் மோத வேண்டியிருந்தது. இரண்டும் இறுதிக்கு வந்து, 117ஆவது நிமிடத்தில் ராகுல் பேக்கேயின் தலையால் முட்டிய கோலில் பெங்களூரு கிண்ணத்தையும் வென்றது.

இரண்டு வருடம் கழித்து அதே லீக்கில் இன்னும் தெளிவான உதாரணம். 2021 பெப்ரவரி 28, லீக் சுற்றின் கடைசி நாள். ஏ.டி.கே. மோகன் பகான் 40 புள்ளிகள், மும்பை சிட்டி 37. மோதுவது அவர்கள் இருவரேதான். மோகன் பகானுக்குச் சமநிலை போதும். மும்பைக்கு எந்த அளவு வெற்றியும் போதும். காரணம், ஜனவரியில் நடந்த முதல் ஆட்டத்தை மும்பை 1-0 என வென்றிருந்தது. முதல் ஆட்டத்தில் மோகன் பகான் 2-0 என வென்றிருந்து, அதன் பிறகும் இதே புள்ளிகளில் நின்றிருந்தால், மும்பைக்கு ஒரு கோல் வெற்றி போதாமல் போயிருக்கும். ஆக, பருவத்தின் நடுவில் ஆடிய ஓர் ஆட்டம் கடைசி நாளில் மறுபடி ஸ்கோர் பலகையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மும்பை 2-0 என வென்றது. இரு அணிகளும் 40 புள்ளிகள். மும்பைக்கு லீக் கேடயமும் ஆசிய சாம்பியன்ஸ் லீக் இடமும். மோகன் பகான் அதற்கு அடுத்த நிலைப் போட்டியான ஏ.எஃப்.சி. கிண்ணத்துக்கு.

எது நியாயம்? நீண்ட லீக்கில் கோல் வித்தியாசமே நேர்மையானது என்பது என் கருத்து. எல்லோரும் எல்லோருடனும் இரண்டு முறை ஆடுகிறார்கள். பலவீனமான அணியிடம் கோல் மழை பொழியும் வாய்ப்பு எல்லோருக்கும் உண்டு. முழுப் பருவத்தின் உழைப்பும் அதில் பதிகிறது. ஆனால் ஒவ்வொருவரும் மூன்றே ஆட்டம் ஆடும் நான்கு அணிக் குழுவில் நிலைமை வேறு. அங்கே ஏற்கனவே வெளியேறிய ஓர் அணி கடைசி நாளில் மனம் தளர்ந்து 7 கோல் வாங்கினால், அது வேறு இருவரின் தலைவிதியை எழுதிவிடும். அத்தகைய குழுவில் நேருக்கு நேர் முடிவை முதலில் வைப்பதே சரி.

மூன்று அணிகள் சமமாக நின்றால் கணக்கு இன்னும் சுவையானது. அ அணி ஆவை 1-0 என வென்றது, ஆ அணி இயை 3-0 என வென்றது, இ அணி அவை 2-1 என வென்றது என்று வையுங்கள். ஒருவரை ஒருவர் வட்டமாக வென்றிருக்கிறார்கள். அப்போது நான்காம் அணியுடனான ஆட்டங்களை ஒதுக்கிவிட்டு, இந்த மூவருக்கு மட்டும் ஒரு குட்டி அட்டவணை போடுவார்கள். தலா 3 புள்ளிகள். கோல் வித்தியாசம்: ஆவுக்கு 2, அவுக்கு 0, இக்கு மைனஸ் 2. ஆவும் அவும் உள்ளே, இ வெளியே. இவ்வளவு தூரம் போகும் என்று எந்த அணியும் முதல் நாளில் நினைத்திருக்காது.

விதியைச் சரியாக வடிவமைக்காவிட்டால் ஆட்டமே கோணலாகிவிடும். 1994 ஜனவரியில் பார்படோஸ், கிரெனடாவை இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் கரீபியன் கிண்ணத்தில் முன்னேற முடியும் என்ற நிலை. அந்தத் தொடரில் மேலதிக நேரத்தில் அடிக்கும் கோல் இரண்டாக எண்ணப்படும் என்று ஒரு விதி. 2-0 என முன்னிலையில் இருந்த பார்படோஸ் கடைசி நிமிடங்களில் ஒரு கோல் வாங்கி 2-1 ஆனது. நேரம் போதாது. உடனே தன் வலைக்குள் தானே பந்தை அடித்து 2-2 ஆக்கியது, மேலதிக நேரத்துக்குப் போவதற்காக. கிரெனடாவுக்கோ எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் லாபம். ஆகவே பார்படோஸ் வீரர்கள் இரண்டு கோல் கம்பங்களையும் காவல் காத்தார்கள். மேலதிக நேரத்தில் அடித்து 4-2 என வென்று முன்னேறினார்கள். அவர்கள் விதியை மீறவில்லை. குற்றம் விதியை எழுதியவர்களுடையது.

2018 உலகக் கிண்ணத்தில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல், தங்களுக்குள் ஆடிய ஆட்டம் எல்லாவற்றிலும் சமம். மஞ்சள் அட்டை எண்ணினார்கள்: ஜப்பானுக்கு 4, செனகலுக்கு 6. போலந்திடம் 0-1 எனத் தோற்றுக்கொண்டிருந்த ஜப்பான், கடைசிப் பத்து நிமிடத்தைத் தங்களுக்குள் பந்தைத் தட்டிக் கழித்தது. அரங்கம் கூச்சலிட்டது, ஆனால் ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது.

விதி இருந்தால் மட்டும் போதாது, ஆடுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இதற்கு நம் கண்முன் நடந்த சான்று கிரிக்கெட்டில் இருக்கிறது. 2023 ஆசியக் கிண்ணத்தில், ஓட்ட விகிதத்தில் முந்தி முன்னேற இலங்கையின் 291 ஓட்டங்களை 37.1 ஓவரில் கடக்க வேண்டும் என்று ஆப்கானிஸ்தான் நினைத்தது. அந்தப் பந்தில் விக்கெட் விழுந்ததும் எல்லாம் முடிந்தது என்று கடைசித் துடுப்பாட்டக்காரர் பந்தைத் தடுத்தார். 37.4 ஓவருக்குள் ஒரு சிக்ஸர் அடித்திருந்தால் முன்னேறியிருக்கலாம் என்ற கணக்கு ஆட்டக்காரர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு ஓட்டத்தில் இலங்கை தப்பியது.

காத்தான்குடியிலும் மட்டக்களப்பிலும் லீக் முறையில் சுற்றுப்போட்டி நடத்தும் கழகங்களுக்கு என் வேண்டுகோள் இது. டை-பிரேக்கர் வரிசையை, முதலில் எது, அடுத்து எது, கடைசியில் சீட்டுக் குலுக்கலா பெனால்டியா என்பதுவரை, முதல் பந்து உதைபடுவதற்கு முன் எழுதி ஒவ்வோர் அணித் தலைவரின் கையிலும் கொடுங்கள். குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் வையுங்கள். 1982இல் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்ட்ரியாவும் முந்தைய நாள் ஆட்டத்தின் முடிவைத் தெரிந்துகொண்டு 1-0 என இணங்கியதுபோல் ஆடி அல்ஜீரியாவை வெளியேற்றிய பிறகுதான் உலகக் கிண்ணமே அந்தப் பாடத்தைக் கற்றது. இரண்டாவது மைதானம் கிடைக்காவிட்டால், எந்த ஆட்டம் பிந்தி நடக்கும் என்பதையாவது அணிகளின் முன்னால் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள்.