ஆங்கில வகுப்பில் அணியும் இலக்கணமும்

ஆங்கில வகுப்பிலே இலக்கியக் கலைச்சொற்களையும் இலக்கணக் கூறுகளையும் மீட்டுப் பார்க்கும் பாடவேளை பழைய மாணவர் எவர்க்கும் நினைவிருக்கும். 'சிமிலி' என்றால் யாது? 'மெற்றபர்' என்றால் யாது? 'பிறிப்பொசிசன்' எத்தகையது? வினா எழுந்தவுடன் வரைவிலக்கணம் வாய்பாடுபோல வந்து விழும். யாமும் அவ்வாறே ஒப்புவித்தோம். ஆயின், பரீட்சையிலே முன் காணாத வாக்கியமொன்று எதிர்ப்பட்டபோது, ஒப்புவித்தவை யாவும் கைவிட்டுப் போயின. முந்திய பாடவேளையில் நன்னூலிற் கற்றவற்றை வாயிலிலே விட்டுவிட்டு ஆங்கில வகுப்பினுட் புகுந்தமையே அதற்குக் காரணம் என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

தமிழிலக்கணம் ஓரளவு கற்ற மாணவன் ஆங்கில இலக்கணத்துக்கு முற்றும் புதியவனல்லன். இரண்டும் ஒத்துச் செல்லுமிடத்து அவனுக்கு வழி எளிதாகும். இரண்டும் பிரியுமிடமே அவன் இடறுமிடம். ஆகவே, மீட்டற் பாடம் இவ்விரு வகை இடங்களையும் பிரித்துக் காட்டுவதாய் அமைதல் வேண்டும். சில எடுத்துக்காட்டுக்களால் இதனை விளக்குவாம்.

முதலில் இலக்கணத்தை நோக்குவோம். தமிழிற் சொல் பெயர், வினை, இடை, உரி என நால்வகைப்படும். ஆங்கிலப் பள்ளி இலக்கணங்களோ சொற்களை எட்டாக வகுத்தல் வழக்கம். நான்கையும் எட்டையும் ஒன்றுக்கொன்று நேராக வைத்தல் இயலாது. அவை செய்யும் தொழிலை வைத்தே ஒப்பிடல் வேண்டும். 'மேசையின்மேல்' என்புழி இடத்தை உணர்த்தும் 'மேல்' பெயர்க்குப் பின்னே நிற்கின்றது. 'ஒன் த ரேபிள்' என்புழி அத்தொழிலைச் செய்யும் 'ஒன்' பெயர்க்கு முன்னே நிற்கின்றது. தொழில் ஒன்று; நிற்குமிடமே வேறு. இதனை அறிந்த மாணவனுக்குப் 'பிறிப்பொசிசன்' அச்சந் தருவதன்று.

'அன்' என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். உயிரெழுத்தின் முன் 'அன்' வரும் என்று மனனஞ் செய்த மாணவன் 'அன் யுனிவேசிற்றி' என்று எழுதிப் பிழைபடுகின்றான். தமிழில் 'ஓர் ஊர்', 'ஒரு மரம்' என எழுதுகின்றோம் அல்லவா? அங்கும் உயிரொலியே 'ஓர்' என்பதை வேண்டிநிற்கின்றது. ஆங்கிலத்தில் எழுத்து வேறு, ஒலி வேறு ஆதலால், அங்கே செவியையே நம்புதல் வேண்டும். 'யுனிவேசிற்றி' யகர ஒலியில் தொடங்குதலின் 'அ' பெறும். 'அவர்' என ஒலிக்கும் மணிப்பொழுதுச் சொல், எழுத்தில் வேறொன்று முன்னின்றும், உயிரொலியில் தொடங்குதலின் 'அன்' பெறும்.

பெயரெச்சமோ இருமொழியும் பிரியுமிடம். 'எழுதிய மாணவன்', 'எழுதிய பேனா', 'எழுதிய அறை', 'எழுதிய நாள்', 'எழுதிய கடிதம்' என்னுந் தொடர்களில் 'எழுதிய' என்னும் ஒரே சொல், செய்பவன், கருவி, இடம், காலம், செயப்படுபொருள் என்னும் ஐந்தினையுங் கொள்கின்றது. இவற்றோடு செயலையுஞ் சேர்த்து அறுபொருள் கொள்ளும் என்பது நன்னூல் நெறி. ஆங்கிலம் இவ்வாறு விடாது. பேனாவுக்கு 'வித் விச்', அறைக்கு 'இன் விச்' என உறவை வெளிப்படச் சொல்லுமாறு கேட்கும். எம் மாணவர் 'வித்' என்பதை விட்டுவிடுதல் சோம்பலாலன்று. தாய்மொழியில் அது வேண்டப்படாமையாலேயே. காரணத்தை எடுத்துரைக்கும் ஆசிரியர், சிவப்பு மையால் வெறுமனே கோடிடுபவரினும் பெரிய உதவி செய்தவராவர்.

இனி அணிகளை நோக்குவோம். 'லைக்', 'அஸ்' என்னுஞ் சொற்கள் இருப்பின் 'சிமிலி', இல்லையேல் 'மெற்றபர்' என்பது வகுப்பறைச் சூத்திரம். அது முற்றும் போதாது. ஒருவர் ஆசிரியராகப் பணிபுரிகின்றார் என ஆங்கிலத்திற் கூறுங்கால் 'அஸ்' வரும். ஆண்டு உவமை யாதுமில்லை. தமிழிலோ உருபு தொக்கு நிற்பினும் உவமை உவமையே. 'மதிமுகம்' உவமைத்தொகை, 'முகமதி' உருவகம். முன்னதிலே மதியும் முகமும் இரண்டாய் நின்று ஒப்பிடப்படுகின்றன. பின்னதிலே முகமே மதியாகிவிடுகின்றது. சொல்லைத் தேடாது, இரு பொருளும் வேறாய் நிற்கின்றனவா, ஒன்றாகிவிட்டனவா என்று வினவும் மாணவன் எம்மொழியிலும் தடுமாறான்.

'மெற்றொனிமி', 'சினெக்டகி' என்னும் இரண்டும் பலருக்குத் தலைவலி. 'ஊர் சிரித்தது' என்பதில் ஊர் ஊராரைக் குறித்தது. 'தலைக்கு ஒரு பழம்' என்பதில் தலை ஆளைக் குறித்தது. இரண்டையும் நாம் ஆகுபெயர் என்போம். முன்னதை இடவாகுபெயர் என்றும் பின்னதைச் சினையாகுபெயர் என்றும் பிரித்துமறிவோம். உறுப்பு முழுமைக்கும், முழுமை உறுப்புக்கும் ஆகிவருவதை ஆங்கிலத்தார் 'சினெக்டகி' என்பர். தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகிவருவதை 'மெற்றொனிமி' என்பர்.

ஒரு சொல்லில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 'பேர்சொனிபிக்கேசன்' என்பதைத் தற்குறிப்பேற்றம் என்றே பலர் எழுதிவிடுகின்றனர். சிலப்பதிகாரத்தில் மதுரை மதிற்கொடிகள் காற்றிலே இயல்பாக அசைகின்றன. கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாவென்று அவை மறித்துக் கைகாட்டுவன போலக் கவி தன் குறிப்பை அவ்வசைவின்மேல் ஏற்றுகின்றார். இயல்பாய் நிகழ்வதொன்றும், அதன்மேல் ஏற்றிய குறிப்பும் தற்குறிப்பேற்றத்துக்கு வேண்டும். அஃறிணைப் பொருளுக்கு மக்கட்பண்பு அளித்தல் மாத்திரமே 'பேர்சொனிபிக்கேசன்' ஆவதற்குப் போதும். இரண்டும் சில இடங்களிற் கூடும், ஆயினும் ஒன்றல்ல.

எமது மண்ணிலே இவ்விரு கல்வியையும் இணைத்து வாழ்ந்தவர் ஆறுமுக நாவலர் (1822–1879). பேர்சிவல் பாதிரியாரோடு விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்த அவரே நன்னூலுக்குக் காண்டிகையுரையும், மாணாக்கர்க்கு இலக்கணச் சுருக்கமும் அளித்தார். ஆங்கில நூல்களிலுள்ள நிறுத்தக் குறியீடுகளைத் தம் தமிழ் உரைநடையில் ஆண்டு, வாசிப்போர்க்குத் தெளிவு நல்கினார். ஒரு மொழியின் அறிவை மற்றொன்றுக்குப் பகையாக்காது, துணையாக்கிக் கொண்டார்.

ஆகவே மாணவ நண்பர்காள், அடுத்த ஆங்கிலப் பாடவேளைக்குச் செல்லுங்கால் உங்கள் தமிழிலக்கண நூலையும் உடன் கொண்டு செல்லுங்கள். ஆசிரியப் பெருமக்களே, அந்நூலை மூடிவையென்று கூறாதிருங்கள். யாம் காலந்தாழ்த்து உணர்ந்ததை எம் கல்லூரிப் பிள்ளைகள் உரிய காலத்திலே உணர்வாராயின், இவ்விழா மலரில் யாம் எழுதியது பயனுடையதாகும்.