முகத்தில் எதனோடு எதைப் பூசுவது?

நியாசினமைட், றெட்டினோல், சலிசிலிக் அமிலம், விற்றமின் சீ. சேதன இரசாயனத்தில் பத்துப் பெயர்களை மனனம் செய்யச் சொன்னால் முகம் சுளிக்கும் எங்கள் வகுப்புத் தோழிகளுக்கு இந்தப் பெயர்கள் மட்டும் தண்ணீர் பட்ட பாடு. பெருநாளைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ஒருத்தி இரண்டு போத்தல் வாங்குவாள். அதைப் பார்த்து மற்றவள் மூன்று வாங்குவாள். ஒவ்வொன்றும் தனித்தனியே நல்லதென்றால் எல்லாம் சேர்ந்தால் இன்னும் நல்லதுதானே என்பது அவர்களுடைய கணக்கு. முகத்தோல் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. அது ஏன் என்பதை, உயிரியல் படிக்கும் மாணவி என்ற வகையில் எனக்கு விளங்கிய மட்டில் எழுதுகிறேன். உம்மாமாரும் இதை வாசிக்க வேண்டும். பிற்பகுதியில் வரும் விடயம் பெரும்பாலும் அவர்கள் கையாலேயே வீட்டுக்குள் வருகிறது.

முதலில் தோலைப் பார்ப்போம். மேற்றோலின் வெளிப்புறத்தில் இறந்த கலங்களாலான மெல்லிய படையொன்று உண்டு. கலங்கள் செங்கல்லைப் போலவும், இடையிலுள்ள கொழுப்பு சாந்தைப் போலவும் அடுக்கப்பட்டிருக்கும். உள்ளிருக்கும் நீரைக் காப்பதும், வெளியிலிருக்கும் கிருமியைத் தடுப்பதும் இந்தச் சுவர்தான். இதன் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது, பி.எச் பெறுமானம் ஏறக்குறைய 5. நாங்கள் முகம் கழுவும் சாதாரண சவர்க்காரக் கட்டியின் பெறுமானமோ 9 அல்லது 10. அடியில் உருவாகும் ஒரு கலம் மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். ஆகவே மூன்று நாளில் முகம் வெளுக்கிறது என்று யாராவது சொன்னால் சந்தோசப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

கிளைக்கோலிக் அமிலமும் சலிசிலிக் அமிலமும் அந்தச் செங்கற்களின் பிடியைத் தளர்த்தி உதிரச் செய்கின்றன. விற்றமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த றெட்டினோல், கீழே புதுக் கலங்கள் உருவாகும் வேகத்தைக் கூட்டுகிறது. ஒன்று மேலிருந்து உரிக்கிறது, மற்றது கீழிருந்து தள்ளுகிறது. இரண்டையும் ஒரே இரவில் பூசினால் சுவர் கட்டப்படுவதைவிட இடிவது வேகமாகிவிடும். எரிவு, சிவப்பு, தோலுரிவு எல்லாம் அப்போதுதான் தொடங்கும். எங்களுடைய தோல் நிறத்துக்கு இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. அழற்சி வந்த இடத்தில் மெலனின் அதிகமாகச் சுரந்து, காயம் ஆறிய பிறகும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கருமையைப் போக்கப் பூசியது கருமையையே கொண்டுவந்து சேர்ப்பது இப்படித்தான்.

சில சோடிகள் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். பருவுக்கு வைத்தியர் எழுதும் பென்சோயில் பெரொக்சைட்டு ஒரு வலிய ஒட்சியேற்றி. அதை றெட்டினோலின் அண்ணனான திறெற்றினோயினோடு சேர்த்துப் பூசினால் திறெற்றினோயின் ஒட்சியேற்றப்பட்டுப் பயனற்றுப் போகலாம். திறெற்றினோயின் வெளிச்சத்திலும் சிதையும். அதனால்தான் ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் பூசச் சொல்கிறார்கள். அதே குடும்பத்து அடப்பலீன் அப்படியல்ல. பென்சோயில் பெரொக்சைட்டோடு அது ஒரே குழாயில் கலந்தே விற்கப்படுகிறது. விற்றமின் சீயையும் நியாசினமைட்டையும் சேர்க்கவே கூடாது என்று எங்கள் வகுப்பில் ஒரு கதை உலாவுகிறது. அது சாதாரண பாவனைக்குப் பொருந்தாத பழைய பயம். இரண்டையும் பூசலாம்.

சேர்ந்தால் பலம் கூடும் சோடிகளும் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத் தோல் ஆய்வாளர்கள் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், 15 வீத விற்றமின் சீயும் 1 வீத விற்றமின் ஈயும் கொண்ட கரைசலில் அரை வீதம் பெரூலிக் அமிலம் சேர்த்தபோது, வெயிலுக்கு எதிரான பாதுகாப்பு இரு மடங்கானது. பெரூலிக் அமிலம் எங்கள் நெல்லுத் தவிட்டிலும் இருக்கிறது. (அதற்காகத் தவிட்டை முகத்தில் அப்பிக்கொண்டு வகுப்புக்கு வர வேண்டாம்.) ஆனால் விற்றமின் சீ வெப்பத்திலும் வெளிச்சத்திலும் காற்றிலும் மஞ்சளாகி, பிறகு தவிட்டு நிறமாகிச் செத்துவிடும். பொத்துவில் வெக்கையில், யன்னலோரம் வைத்த போத்தல் எத்தனை நாள் தாங்கும்? நிறம் மாறியதை எறிந்துவிடுவதே நல்லது.

மூத்தம்மாவின் தேசிக்காய் வைத்தியத்தையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். தேசிக்காய்ச் சாற்றின் பி.எச் ஏறக்குறைய 2. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் இறங்கினால், அதிலுள்ள சில பதார்த்தங்கள் சூரிய ஒளியோடு தாக்கமுற்றுத் தோலைக் கொப்புளமாக்கும். இயற்கையானது என்பதற்காகத் தோல் சலுகை காட்டாது.

வெயில் என்று வந்துவிட்டதால் அதையும் சொல்கிறேன். நாங்கள் இருப்பது மத்திய கோட்டுக்கு வடக்கே ஏழு பாகைக்கும் உட்பட்ட இடம். பாடசாலை விட்டு வீட்டுக்கு நடக்கும் ஒன்றரை மணி, வெயில் உச்சியிலிருந்து அதிகம் இறங்கியிராத நேரம். கிளைக்கோலிக் அமிலமோ றெட்டினோலோ பூசுகின்ற முகம் வெயிலில் இன்னும் இலகுவாகக் கருகும். சன் கிறீம் இல்லாமல் இவற்றைப் பூசுவதைவிடச் சும்மா இருப்பது மேல். அறுகம்பையில் அலையேறும் வெளிநாட்டவர் மூக்கில் வெள்ளை வெள்ளையாகத் தடவியிருப்பதைப் பார்த்துச் சிரித்திருப்போம். அது பெரும்பாலும் சிங்க் ஒட்சைட்டு, புற ஊதாக் கதிரைத் தடுப்பது. ஹிஜாப் அணியும் எங்களுக்கு முகமும் கைகளும் மட்டும்தான் என்பதால் செலவும் குறைவு. லுஹருக்கு வுழூ செய்தால் காலையில் பூசியது பெரும்பாலும் போய்விடும். வெளியே போவதாக இருந்தால் மறுபடி பூச வேண்டும். நீரை எதிர்க்கும் வகை தோலில் படலமாக நிற்கும். அதை முதலில் நன்றாகக் கழுவி நீக்கிவிட்டு வுழூ செய்வது பேணுதல். வுழூவுக்கு ஐந்து வேளையும் தண்ணீர் பட்டால் போதும், ஐந்து வேளையும் சவர்க்காரம் தேவையில்லை.

இனி உம்மாமாருக்குச் சொல்ல வந்தது. பென்சி கடைகளிலும் தெரிந்தவர்கள் மூலமாகவும் "கலவைக் கிறீம்" என்று ஒன்று விற்பனையாகிறது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அது வீட்டுக்கு வந்துவிடுகிறது. இந்தக் கலவை யோசனைக்கு ஒரு வரலாறு உண்டு. 1975 இல் அல்பேர்ட் கிளிக்மன், ஐசக் வில்லிஸ் என்ற இரு அமெரிக்கத் தோல் வைத்தியர்கள் ஐதரோகுயினோன், திறெற்றினோயின், டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மூன்றையும் ஒரே களிம்பில் சேர்த்தார்கள். முதலாவது மெலனினைக் குறைக்கும். இரண்டாவது முதலாவதை உள்ளே கொண்டு செல்லும், ஆனால் எரியும். மூன்றாவது அந்த எரிவை அடக்கும். கெட்டிக்காரத்தனமான கலவைதான். (இந்தக் கிளிக்மன் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பேர்க் சிறையில் கைதிகளின் தோலில் பல வருடங்கள் பரிசோதனை செய்தவர். அந்த நகரம் 2022 இல் அதற்காக மன்னிப்புக் கேட்டது. அழகுக்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள்.) ஆனால் அது மருந்து. இதே வகையில் 2002 இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட கிறீமுக்கே எட்டு வாரம் வரைதான் கணக்கு. எங்களிடம் அதை வருடக்கணக்கில் பூசுகிறார்கள். ஸ்டீரொயிட் நாளடைவில் தோலை மெலிதாக்கி, இரத்தக் குழாய்கள் தெரியச் செய்து, பருவையும் முடியையும் வரச் செய்யும். நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். எரிவுக்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். இந்தியாவில் இந்த நிலை பெருகியதால் 2018 இல் ஸ்டீரொயிட் கிறீம்கள் பலவற்றை வைத்தியரின் சீட்டில்லாமல் விற்கக் கூடாத அட்டவணையில் சேர்த்தார்கள்.

என் சாச்சியின் மகள், எனக்கு ராத்தா முறை. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன் ஏழு மாதம் அப்படியொரு கிறீம் பூசினார். முதல் மாதம் எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நிறுத்தியபோது கன்னம் இரண்டும் சிவந்து வீங்கி, தலையணையில் முகம் வைக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார். வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, "இதில் என்ன இருக்கிறது?" என்பதுதான். வட்டக் குப்பி, மூடியில் ரோசாப்பூ, வேறொன்றுமில்லை. வாங்கிக் கொடுத்த சாச்சிக்கும் தெரியவில்லை. அடுத்த கேள்வி, "பிள்ளை உண்டாகியிருக்கிறீர்களா?" கர்ப்பிணிகள் திறெற்றினோயின், றெட்டினோல் வகைகளைப் பூசக் கூடாது என்பது புதிதாகக் கல்யாணம் முடித்த எத்தனை ராத்தாமாருக்குத் தெரியும்? அல்ஹம்துலில்லாஹ், அவர் அப்போது உண்டாகியிருக்கவில்லை. முகம் ஓரளவு ஆற எட்டு மாதம் ஆனது.

பெயரில்லாத குப்பிகளில் இரசமும் இருக்கலாம். அதன் உப்புகள் மெலனின் உருவாவதைத் தடுக்கும். கூடவே தோலினூடாக உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாய் பூசினால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். இலங்கை 2017 இல் இணைந்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கையின் கீழ், இரசம் கலந்த அழகுசாதனப் பொருட்களை 2025 உடன் முற்றாக நிறுத்த வேண்டும் என 2023 இல் நாடுகள் தீர்மானித்தன. ஆனால் தீர்மானம் கடைத் தட்டை எட்டுவதற்கு நாளெடுக்கும். பெட்டியில் மெர்குரி, கலமெல் போன்ற சொற்கள் இருக்கிறதா என்று பாருங்கள். தங்கம், வெள்ளி, அலுமினியம், இறப்பர் ஆகியவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தால் அதுவும் இரசத்தின் அடையாளமாக இருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வளையலுக்கு ஆகாதது கன்னத்துக்கு ஆகுமா?

தோழிகளுக்கு: ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள் மட்டும். முதலில் காதின் பின்புறம் சில நாட்கள் பூசிப் பாருங்கள். பிறகு இரவில், வாரத்தில் இரண்டு நாள். ஒரு மாதம் போன பிறகுதான் அடுத்தது. காலையில் சன் கிறீம் போதும். ஏற்கெனவே கலவைக் கிறீம் பூசிக்கொண்டிருப்பவர்கள் சட்டென்று தாமாக நிறுத்தாமல் தோல் வைத்தியரைச் சந்தியுங்கள். போகும்போது குப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். உள்ளடக்கம் எழுதாமல் விற்கும் பொருளைப் பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.