சுவர் தாங்காத வீடு

கோலார் தங்கவயல் என்றால் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தைத்தான் சொல்வார்கள். அதில் இறங்கியவர்கள் மேலே எதில் குடியிருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. 1880-இல் ஜான் டெய்லர் சுரங்கக் கம்பெனி வந்த பிறகு, வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து பிழைக்கப் போன தமிழர்களில் பலருக்குக் கிடைத்தது 'லைன்' எனப்படும் குடியிருப்பில் ஒரு தட்டி வீடு.

தட்டி வீட்டில் சுவர் கூரையைத் தாங்காது. மண்ணில் ஊன்றிய குத்துக்கால்கள்தான் தாங்கும். கால்களின் தலையில் விட்டம், அதிலிருந்து சரிவாகக் கைமரங்கள், குறுக்கே வரிச்சு, அதற்குமேல் வேய்ந்த புல். கூரை செங்குத்தாகச் சரிந்தால்தான் மழைநீர் புல்லில் ஊறாமல் வழிந்தோடும். கால்களுக்கு நடுவே பிளந்த மூங்கில் தட்டியைக் கட்டி மண் பூசினால் சுவர் தயார். மண்ணில் கலந்த சாணத்தின் நார் வெடிப்பை மட்டுப்படுத்தும். தட்டி இற்றுப்போனால் அதை மட்டும் அவிழ்த்து மாற்றலாம், கூரை அசையாது.

இந்த அமைப்புக்கு இன்னொரு குணம் உண்டு. ஆழத்தில் அழுத்தம் தாளாமல் பாறை வெடிக்கும்போது தங்கவயலில் மேலே தரையும் அதிரும். கனத்த கற்சுவர் அதில் விரிசல் விடும். கட்டுகளால் இணைந்த இலேசான சட்டகமோ ஆடிக்கொடுக்கும். காஷ்மீரின் மரச்சட்டக வீடுகள் 2005 நிலநடுக்கத்தில் பெரும்பாலும் நின்றது இதே காரணத்தால்தான்.

அதற்காகக் கம்பெனியைப் புகழ வேண்டியதில்லை. நிலம் அதிரும் என்று யோசித்துக் கொடுத்த வீடல்ல, மலிவு என்பதால் கொடுத்தது. ஒரு பொறி பட்டால் கூரை எரியும். புல்லிலும் மூங்கில் பொந்திலும் எலி குடியேறும். எலிகளோடு வரும் பிளேக் 1898-இல் பெங்களூரில் பரவிய காலத்தில் இது சின்ன விஷயமல்ல. 1902-இல் சிவசமுத்திரம் மின்நிலையத்திலிருந்து நெடுந்தூரம் கம்பி இழுத்து மின்சாரம் வந்தது. வந்தது சுரங்க இயந்திரங்களுக்கு.

பிறகு தகரமும் ஓடும் கல்லும் வந்து தட்டி மறைந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கமும் மூடப்பட்டது. உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் லைன் புகைப்படம் ஏதாவது இருந்தால், முகங்களுக்குப் பின்னால் தெரியும் குத்துக்காலையும் தட்டியையும் கவனியுங்கள். எந்த லைன், எந்த ஆண்டு என்று பெரியவர்களிடம் கேட்டு, படத்தின் பின்புறம் இப்போதே எழுதி வையுங்கள்.